பன்னிரண்டு வளையங்களும் முதல் வெள்ளிக்கிழமைகளும்

பெனிட்டாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அனுமந்தன்பட்டியில் ஏறி தேனியில் இறங்குகிற பேருந்தில் ஜன்னலோர இடமே கிடைத்தாலும் சின்னமனூர் வந்ததும் எழுந்துவிடுவாள். வீரபாண்டி தாண்டுவதற்குள் முன்படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றிருப்பாள். நடத்துநருக்குப் பழகிப்போய்விட்டது. "உக்காந்தா மட்டும் ரெண்டு டிக்கெட்டா கேக்கப் போறேன்?" என்பார். அவள் சிரிப்பாள். ஆனால் உட்காரமாட்டாள்.

முப்பத்தாறு வயதுக்குள் அவள் விட்ட வேலைகள் பல. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டாள். நூற்பாலையில் எட்டு மாதம் இருந்தாள். செல்போன் கடையில் ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த பொங்கல்வரை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தண்ணீர் குடிக்க, துணியை உதற, வெயில் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க என எழுந்துகொண்டே இருந்தாள். மூன்றாவது வாரம் மேஸ்திரி கும்பிட்டு அனுப்பிவைத்தார். பிடிக்காமல் விட்டது என்று எதையும் சொல்ல முடியாது. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் இந்த இடத்தில் நாலு வருடமாக இருக்கிறாள். அவள் கணவன் அருண் ஜோசப் கூடலூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுபவன். "நாலு வருசமா ஒரே எடத்துல இருக்கா. நான் நம்பல. நீங்க வேணா நம்பிக்கிருங்க" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

போடி சாலையில் கோடாங்கிபட்டி தாண்டி, தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கட்டடம். முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய குடோன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தின் இளைய மகன் கார்த்திக்ராஜ், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, அப்பாவோடு ஆறு மாதம் பேசாமல் இருந்து, அதை வாங்கிக்கொண்டான். உள்ளே ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. உலோகத்தில் பிரிண்ட் எடுக்கிற எந்திரம். மாவைப்போன்ற உலோகப் பவுடரைத் தலைமுடியைவிட மெல்லிசாகப் பரப்பும். லேசர் வந்து வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதன்மேல் இன்னொரு பரப்பு. இப்படி ஆயிரக்கணக்கான பரப்பு. நாற்பது மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் பவுடர் மேடு ஒன்று இருக்கும். அதற்குள் புதைந்து கிடக்கும் பொருள்.

புதைந்ததை எடுப்பதுதான் பெனிட்டாவின் வேலை. எடுப்பது சுலபம். பொருளுக்குள்ளே ஓடுகிற வளைந்த துவாரங்களில் அடைந்திருக்கும் பவுடரை வெளியேற்றுவதுதான் பாடு. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அதைத் தூக்கி, கவிழ்த்து, சாய்த்து, ரப்பர் சுத்தியால் தட்டி, மறுபடி திருப்பி, காதோடு வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே 'சர்' என்று ஓர் ஓட்டம் கேட்டால் இன்னும் இருக்கிறது. சில நாள் ஒரு பொருளுக்கே மூன்று மணி நேரம். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் செய்யலாம். சும்மா இருக்கத் தெரியாத கைக்கு இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதே என்று முதல் மாதம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த வருடம் வந்த வேலை அதுவரை வந்த பல் கேப்புகளையும் பம்ப் சக்கரங்களையும்போல அல்ல. பெங்களூரில் விமான எஞ்சின் சோதிக்கும் ஒரு கம்பெனிக்காக உள்ளங்கை அகல வளையங்கள். ஃபில்டர். பிரிண்ட் எந்திரத்தை ஓட்டும் சகாய பிரவீன், அவளுடைய ஊர்க்காரன்தான், இருபத்தெட்டு வயது, அவளுக்கு விளக்க முயன்றான். பாதியிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். படத்தை வாங்கிப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். வானத்தில் போகிற எஞ்சின் காற்றோடு மண்ணையும் இழுக்கிறது. உள்ளே கொதிக்கிற பாகங்களைக் குளிரவைக்க ஊசி முனைத் துளைகள் உண்டு. மண் அந்தச் சூட்டில் கண்ணாடியாக உருகித் துளையை அடைத்தால் பாகம் வெந்துபோகும். அதனால் முன்னாலேயே இந்த வளையம் காற்றைச் சட்டென்று வளைத்துத் திருப்புகிறது.

"நம்ம குமுளி மலை மாதிரிங்க" என்று அன்று இரவுச் சோற்றின்போது அருண் ஜோசப்பிடம் சொன்னாள். "கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு திரும்பிரும். மேல கட்டாமப் போட்ட மூட்டை திரும்பாது, நேரா பள்ளத்துக்குப் போயிரும். காத்து ஜீப்பு. மண்ணு மூட்டை. பள்ளத்துல ஒரு பை வச்சுப் பிடிச்சுக்கிராக."

"எம் மூட்டை எதுவும் பள்ளத்துக்குப் போனதில்ல" என்றான் அவன், கொஞ்சம் கோபமாகவே.

சித்திரையில் மாதிரிக்கு இரண்டு வளையம் செய்து அனுப்பினார்கள். பிடித்துப்போய்ப் பன்னிரண்டு கேட்டார்கள். அதற்குள் ஆடி வந்துவிட்டது.

ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கின் காற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலை இடுக்கு வழியாக இறங்கி, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, புழுதியைத் தூக்கிக்கொண்டு வரும். பவுடர் அறையின் ஜன்னல் இடுக்குகளைப் பிரவீன் டேப் ஒட்டி அடைத்தான். வெளித் தூசு ஒரு துளி உள்ளே வரக்கூடாது என்பது கார்த்திக்ராஜின் கட்டளை; உலோகத்துக்குள் தூசு மாட்டிக்கொண்டால் அந்த இடம் ஒருநாள் விரிசல் விடும். ஆனால் அவனுடைய வீட்டு வழக்கம் ஒன்று அவனைக் கேட்காமலேயே அந்தக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவது. போடி கடையில், ஏலக்காய் குடோனில், வீட்டில், பிறகு இங்கே.

தூபக்கால் பஞ்சம்மாளின் கையில். கூட்டிப் பெருக்குகிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், அந்தக் குடும்பத்து குடோன்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். பவுடர் அறைக்குள் மட்டும் வரக்கூடாது என்று அவளிடம் பலமுறை சொல்லியாயிற்று.

"ஏன்த்தா, ஒரு ரூம மட்டும் விட்டா அந்த ரூமு கோவிச்சுக்கிராதா?" என்பாள் வாசலில் நின்று.

"கோவிச்சா நான் சமாதானம் பண்ணிக்கிறேன் பஞ்சம்மாக்கா. நெருப்போட உள்ள வராதீக."

"நீ வேதக்காரி. ஒனக்குப் புகைன்னா ஆகாது."

"எங்க கோயில்லயுந்தான் போடுவோம், இதவிடப் பெரிய தூபக்கால்ல. அதுக்காகப் பவுடருக்கா போடுவாக?"

பஞ்சம்மாள் வாசலோடு மூன்று சுற்றுக் காட்டிவிட்டுப் போவாள். வாராவாரம் இதுதான்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு வளையங்களுக்காக, பெனிட்டா பழைய பவுடரைச் சலித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிரிண்டில் உருகாமல் மிஞ்சுவதை வீணாக்குவதில்லை; சல்லடை எந்திரத்தில் போட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள். மூடியைத் திறந்து கொட்டி, ஆடவிட்டு, காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் அவளுக்கு வராது. பாதி டப்பா கொட்டியதும் கால் அரித்தது. அலுவலக அறையில் பிரவீன் கம்ப்யூட்டரில் இருந்தான். ஒரே ஒரு சுற்று, கட்டடத்தைச் சுற்றி, என்று போனாள். பின்பக்கம் நின்று மேற்கே பார்த்தாள். மலையின் பாதியை மேகம் தின்றுவிட்டிருந்தது. காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கலாம். பதினைந்தும் இருக்கலாம்.

திரும்பி உள்ளே நுழைந்ததும் வாசனை.

கோயில் வாசனை. சல்லடையின் மூடி அவள் விட்டுப்போன மாதிரியே திறந்திருந்தது. பஞ்சம்மாளைக் காணவில்லை. சல்லடையின் விளிம்பில், வெள்ளையாக, பேன் அளவுக்கு ஒரு சாம்பல். அவள் அதைக் கையுறை விரலால் ஒற்றி எடுத்தாள். மூடியை மூடினாள். சல்லடையை ஓட்டினாள்.

வாய் திறந்திருந்தால் நஷ்டம் அங்கேயே அந்த ஒரு டப்பாவோடு போயிருக்கும். ஆனால் மூடி திறந்து கிடந்ததைச் சொல்ல வேண்டும், பஞ்சம்மாளையும் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் யோசித்தாள். மூன்றாவது நிமிடம் பிரவீன் வந்து பவுடரை எடுத்துப் போய்விட்டான்.

சனி, ஞாயிறு எந்திரம் ஓடியது. ஞாயிறு பூசையில் பெனிட்டா ஐந்து முறை எழுந்து வெளியே போய் வந்தாள். திங்கட்கிழமை பன்னிரண்டு வளையங்களும் வெளிவந்தன. அவள் அவ்வளவு கவனமாக எதையும் தட்டியதில்லை. ஒவ்வொன்றையும் காதில் வைத்து, மூச்சைப் பிடித்து, மறுபடி தட்டி. ஒன்றிலும் ஓசை இல்லை. எடை போட்டார்கள், கச்சிதம். கூடவே பிரிண்ட் ஆன சோதனைத் துண்டைக் கோயம்புத்தூரில் இழுத்து உடைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: குறையில்லை.

"பெறகு என்னக்கா?" என்றான் பிரவீன். புதன்கிழமை மதியம் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "டெஸ்ட்டே பாஸாயிருச்சு. ஒரு சாம்பல் துணுக்குக்குப் போயி. நீங்க எடுத்தும் போட்டுட்டீக."

"எடுத்தது ஒண்ணு. எடுக்காதது எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்? துண்டுல இல்லாதது வளையத்துல இருக்கலாமுல்ல?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொன்னீகன்னா இந்த ஆர்டரு போயிரும். நீங்களும் போயிருவீக, பஞ்சம்மா கிழவியும் போயிரும். பேசாம இருங்கக்கா."

பேசாமல் இருக்க அவளால் முடியும். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. அன்று சாயங்காலம் வீரபாண்டியிலேயே பேருந்தை விட்டு இறங்கிவிட்டாள். முல்லையாற்றுப் பாலத்தில் ஒரு தடவை போய் வந்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தாள். வீட்டில் அருண் ஜோசப் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பிரேக்கு மேல சந்தேகமா இருந்தா மலையேறுவீகளா?"

"சந்தேகம் இல்லாத பிரேக்கு எங்கன இருக்கு?"

"ஏறுற பொம்பளைகள்ட்ட சொல்லுவீகளா?"

"சொன்னா எறங்கிருவாகளே." சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். "என்னாச்சு, வேலைய விட்டுட்டியா?"

"இன்னும் விடல."

சொல்லுவேன் என்றோ சொல்லமாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஏறுகிற பெண்களில் பாதிப் பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். விமானத்தில் ஏறுகிற ஒருத்தரையும் தெரியாது. அது பேசாமல் இருப்பதை எளிதாக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை.

வியாழக்கிழமை பெட்டி கட்டினார்கள். ஒவ்வொரு வளையமும் நுரைக் குழிக்குள். மேலே பெங்களூர்க்காரர்கள் கொடுத்த படிவம்: பவுடர் எந்தத் தொகுதி, எத்தனை மணிக்குச் சலித்தது, யார் சலித்தது. எல்லாம் ஆங்கிலம். பிரவீன் நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தான். கடைசியில் 'வேறு ஏதேனும் இருந்தால்' என்று பொருள்படும் ஒரு கட்டம். நாலு வருடத்தில் அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதி அவள் பார்த்ததில்லை. பிரவீன் டேப் எடுக்கப் போனான். பெனிட்டா பேனாவை எடுத்துத் தமிழில் எழுதினாள்:

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குச் சல்லடை மூடி திறந்திருந்தது. நான் திறந்து வைத்துவிட்டு வெளியே போனேன். சாம்பிராணிப் புகை அறைக்குள் வந்தது. விளிம்பில் ஒரு சாம்பல் இருந்தது, எடுத்தேன். வேறு இருந்ததா தெரியாது. பெனிட்டா."

பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியை அழுத்தினாள். பிரவீன் வந்து டேப் ஒட்டினான்.

பெட்டி போன பிறகாவது கால் நிற்கும் என்று நினைத்தாள். வெள்ளி, சனி, திங்கள். போன் அடிக்கும்போதெல்லாம் ரப்பர் சுத்தி கையிலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை காலை கார்த்திக்ராஜ் அலுவலக அறையிலிருந்து கூப்பிட்டான். அவன் கத்துகிறவன் அல்ல. அன்று குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"என்ன எழுதியிருக்கீங்க பெனிட்டா?"

மேசையில் மடிக்கணினி. திரையில் ஓர் இளம்பெண். அபிதா, பெங்களூர்க் கம்பெனியின் தரப் பொறியாளர். திருநெல்வேலிப் பக்கத்தவள் என்பதால் படிவத்தைப் படிக்க ஆள் தேடவில்லை.

"நீங்கதான் எழுதுனீங்களா? எங்க இருந்துச்சு சல்லடை, எங்க வாசல், கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

பிரவீன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெனிட்டா காட்டினாள். புகை எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று அபிதா கேட்டாள். வாசலிலிருந்து வந்திருக்கலாம் என்று பெனிட்டா இழுத்தாள். படிவத்தில் எழுதாத பெயரை வாயாலும் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தாள்.

பின்னாலிருந்து விளக்குமாற்றோடு பஞ்சம்மாள் வந்தாள். "யாரு அந்தப் புள்ள, பொட்டிக்குள்ள?"

"பஞ்சம்மாக்கா, நீங்க அங்கிட்டுப் போங்க."

"நான் எதுக்குப் போகணும்? சாம்பிராணி போட்டது நானு. ஒன்னையப் புடிச்சு ஏன் கேக்குறாக?" அவள் திரைக்கு நேராக வந்து நின்றாள். "ஏத்தா, நல்லாப் பாத்துக்க. இங்கன வந்தேன். இந்தா, இந்தச் சல்லடைக்கு மூணு சுத்து. அந்தப் பொட்டிக்கு மூணு சுத்து. நல்லா வேல நடக்கணும்னுதான் போட்டேன். கெட்டுப் போகணும்னு போட்டேனா?"

அபிதா சிரிக்கவில்லை. "அன்னைக்கு மட்டுமா பாட்டி?"

"பாட்டியா! ஒங்கம்மாவுக்குக் கூட எம் வயசு இருக்கும்." பஞ்சம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இந்தப் புள்ள இருந்தா வாசலோட நிப்பேன், விடமாட்டா. இல்லாத நாள்ல உள்ள போவேன். மாசத்துல மொத வெள்ளி இவுக ரெண்டு பேரும் இருக்கமாட்டாக."

மாதத்தின் முதல் வெள்ளி சாயங்காலம் ஊர்ச் சர்ச்சில் பூசை உண்டு. பெனிட்டாவும் பிரவீனும் நாலரை மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நாலு வருடமாக, தவறாமல். ஒரு நாளும் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

"சித்திரையில அனுப்புன ரெண்டு வளையம்" என்றாள் அபிதா, "எப்ப சலிச்சது?"

பிரவீன் பழைய ஏட்டைப் புரட்டினான். விரல் ஒரு வரியில் நின்றது. முதல் வெள்ளி. மதியம் இரண்டு மணி. எந்திரத்துக்கு எடுத்தது மறுநாள் காலை.

"போகும்போது மூடி மூடியிருந்துச்சா?"

பிரவீன் பெனிட்டாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மூடினோம் என்று சொல்வது எவ்வளவு எளிது. பஸ் வந்துவிடும் என்று ஓடியது ஞாபகம் இருக்கிறது. மூடியது ஞாபகம் இல்லை.

"தெரியல மேடம்" என்றாள் பெனிட்டா. "மூடுனேன்னு என்னால சொல்ல முடியாது."

அந்த இரண்டும் ஒரு சோதனை எஞ்சினில் மாட்டியிருக்கிறது என்று அபிதா சொன்னாள். தரையில் கட்டிவைத்து ஓட்டுகிற எஞ்சின்தான். அடுத்த வாரம் ஓட்டுவதாக இருந்தது. கழற்றிவிடச் சொல்கிறேன், ஓட்டம் தள்ளிப்போகும். பன்னிரண்டும் எடுத்துக்கொள்ள முடியாது, திருப்பி அனுப்புகிறேன், இங்கேயே அறுத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பவுடர் எல்லாம் புதிதாக வர வேண்டும். அறைக்குத் தனிப் பூட்டு. அதன் பிறகு பார்க்கலாம். "பார்க்கலாம்னுதான் சொல்றேன், கார்த்திக் சார்" என்று முடித்தாள்.

கார்த்திக்ராஜ் மடிக்கணினியை மூடினான். யாரையும் பார்க்காமல் வெளியே போய்த் தோப்புக்குள் நின்றான். காற்று அவன் சட்டையை உப்பவைத்தது. பெனிட்டா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் நின்ற கால், இன்றோடு சரி என்று நினைத்தாள்.

ஆனால் அவளை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பஞ்சம்மாளை மட்டும் போடி குடோனுக்கு மாற்றினார்கள். "அங்கன எம்புட்டுப் புகை வேணாலும் போடலாமாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, "எம் பேர நீ சொல்லலன்னு தெரியும்த்தா. ஆனா நான் பொய் சொல்லிப் பழகல" என்று பெனிட்டாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, பேருந்து வருகிறதா என்று பார்க்க வாசலுக்கு ஓடினாள்.

பெட்டி சனிக்கிழமை திரும்பி வந்தது. ஒவ்வொரு வளையத்தின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"பன்னெண்டையும் நீங்களே அறுங்க" என்றான் கார்த்திக்ராஜ். நாலு நாளில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "முடிச்சுட்டு ஆபீசுக்கு வாங்க."

வெட்டும் எந்திரத்தில் முதல் வளையத்தை இறுக்கினாள். சக்கரம் அலறியது, தண்ணீர் தெறித்தது. இரண்டாகப் பிரிந்து விழுந்தது. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இதுவரை காதால் மட்டுமே அறிந்திருந்த வழிகளை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, மலையை மேலிருந்து பார்ப்பதுபோல. எந்த மூலையிலும் ஒரு துளி பவுடர் இல்லை. சுத்தம். சாம்பலோ, கறுப்போ, எதுவும் கண்ணுக்குப் படவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

"பாத்தீகளாக்கா" என்றான் பிரவீன், படம் எடுத்துக்கொண்டே. "ஒண்ணுமே இல்ல."

"எனக்குத் தெரியல அவ்வளவுதான்டா. இல்லைன்னு ஆயிருமா?"

இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். பன்னிரண்டாவதும் வெள்ளிபோல் பளிச்சென்று பிரிந்து விழுந்தது. இருபத்துநாலு துண்டுகளை டிரேயில் அடுக்கி எடுத்துப்போனாள்.

கார்த்திக்ராஜ் ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான்.

"உள்ள இவ்வளவு சுத்தமா எப்படி எடுத்தீங்க?"

"தட்டித்தான் சார்."

அவன் துண்டைக் கீழே வைத்தான். "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். படிவத்துல எழுதி, அவங்க படிச்சு, அவங்க சொல்லி எனக்குத் தெரியணுமா?"

"ஒங்ககிட்டச் சொன்னா நீங்க என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியல சார்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "எனக்கும் தெரியல" என்றான் கடைசியில்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"புதன்கிழமை புதுப் பவுடர் வருது. பூட்டும் வருது. சாவி உங்ககிட்டதான் இருக்கும்" என்றான். "ஒரே ஒரு கண்டிஷன். சல்லடை ஓடுற நேரத்துல நீங்க அந்த ரூமை விட்டு நகரக்கூடாது. ஒரு நிமிஷம்கூட."

பெனிட்டா யோசித்தாள். சரி என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். தன் கால்களைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"நகருவேன் சார்" என்றாள். "மூடிய மூடி, ரூமைப் பூட்டிட்டு நகருவேன்."